கேள்வி – பதில்: ஆலையின் கணக்கில் வராதவர்கள்

ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் நாஜி காலத்து வரலாற்றை எழுதிய ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஹான்ஸ் மொம்சன் மறைந்து பத்து ஆண்டுகள் நிறைவடைந்ததை ஒட்டிச் சென்ற இதழில் ஒரு சிறு நினைவுக் குறிப்பு எழுதியிருந்தேன். ஒரு நிறுவனம் தன் காசைக் கொடுத்துத் தன் குற்றத்தையே ஆராயச் சொன்னதும், ஆராய்ந்தவர் அதை மறைக்காமல் எழுதியதும் அரிதான நிகழ்வுகள் என்று அதில் சொல்லியிருந்தேன். அதைத் தொடர்ந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி வாசகர்): மொம்சன் என்ற பெயரை ரோமாபுரி வரலாற்றோடு சேர்த்துப் படித்த நினைவு இருக்கிறது. அவரும் இவரும் ஒருவரா? கார் நிறுவனத்தின் வரலாற்றை எழுதிய ஒருவருக்கு இவ்வளவு மரியாதை செய்யவேண்டிய காரணம் என்ன?

பதில்: நீங்கள் படித்தவர் தியோடோர் மொம்சன். ரோமானிய வரலாற்றை எழுதியதற்காக 1902-ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஹான்ஸ் மொம்சன் அவருடைய கொள்ளுப்பேரன். 1930 நவம்பர் 5 அன்று மார்பர்க் நகரில் பிறந்தார். தம்முடைய எண்பத்தைந்தாவது பிறந்தநாளான 2015 நவம்பர் 5 அன்று காலமானார். அவருடன் இரட்டையராகப் பிறந்த வொல்ஃப்காங் மொம்சனும் பெயர் பெற்ற வரலாற்றாசிரியர். தந்தை வில்ஹெல்ம் மொம்சன் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்த காரணத்தால் போர் முடிந்ததும் அவர் அந்தப் பதவியை இழந்தார். அது அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஆகவே கற்றவர்களும் நல்ல குடும்பத்தவரும் ஒரு கொடிய ஆட்சிக்கு எப்படி இணங்கிப்போனார்கள் என்ற கேள்வி, ஹான்ஸ் மொம்சனுக்கு நூலகத்தில் மட்டும் எழுந்த கேள்வி அல்ல.

1968 முதல் 1996 வரை ரூர் தொழிற்பகுதியில் உள்ள போஹும் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தார். நாஜி ஆட்சியின் கொடுமைகள் எல்லாம் ஹிட்லர் என்ற ஒரு மனிதரின் திட்டத்திலிருந்தும் கட்டளையிலிருந்தும் மட்டுமே பிறந்தவை என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. அமைச்சகங்கள், கட்சி அமைப்புகள், இராணுவம், தொழில் நிறுவனங்கள் ஆகியவை ஒன்றோடொன்று போட்டியிட்டு, ஒன்றைவிட ஒன்று கடுமையான நடவடிக்கைகளை முன்வைத்து, மேலிருந்து தெளிவான ஆணை வராத இடத்திலும் தாமாகவே கொடுமையைப் படிப்படியாக வளர்த்தன என்பது அவருடைய வாதம். இந்த வாதத்துக்கு எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. ஹிட்லரின் பங்கை அவர் குறைத்துவிட்டார் என்று சொன்னவர்கள் பலர். அந்த விவாதத்தில் யார் பக்கம் நின்றாலும், ஒரு கார் தொழிற்சாலையின் ஆவணங்களுக்குள் அவர் நுழைந்தபோது இந்தப் பார்வைதான் அவருக்குக் கைகொடுத்தது. கட்டளை எங்கிருந்து வந்தது என்று மட்டும் தேடாமல், விண்ணப்பம் எங்கிருந்து போனது என்றும் அவர் தேடினார்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து, ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்): போர்க்காலத்தில் அரசாங்கம் ஆணையிட்டால் நிறுவனம் என்ன செய்ய முடியும்? ஆலை அதிகாரிகளைக் குற்றவாளிகளாக நிறுத்துவது நியாயமா?

பதில்: ஆலைக்குள் இருந்து பார்த்தவருக்கு எழக்கூடிய நேர்மையான கேள்வி இது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இந்த ஆலை அரசின் ஆணைக்கு அடிபணிந்த தனியார் நிறுவனம் அல்ல. ஆட்சியின் மடியிலேயே பிறந்தது. 1933 மே 2 அன்று நாஜிகள் ஜெர்மனியின் தொழிற்சங்கங்களை ஒழித்து, அவற்றின் கட்டடங்களையும் நிதியையும் பறித்துக்கொண்டு, ஜெர்மன் தொழிலாளர் முன்னணி என்ற தங்கள் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அந்த அமைப்பு 1937 மே மாதத்தில் கார் நிறுவனத்தைத் தொடங்கியது. 1938 மே மாதத்தில் ஃபாலர்ஸ்லேபன் அருகே ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆலையை எழுப்பிய பணத்தில் ஒரு பெரும்பங்கு, சங்கங்களிடமிருந்து பறித்த சொத்துகளை விற்றுக் கிடைத்தது. 990 மார்க் விலையில் எல்லோருக்கும் கார் என்று சொல்லி, வாரம் ஐந்து மார்க் வீதம் சேமிப்பு வசூலித்தார்கள். ஏறத்தாழ 3,36,000 பேர் அதில் சேர்ந்தார்கள். அந்த ஆட்சிக் காலத்தில் அவர்களில் ஒருவர் கையிலும் கார் வந்து சேரவில்லை. போர் தொடங்கியதும் ஆலை இராணுவ வாகனங்களுக்கும் விமானப் பாகங்களுக்கும், பிறகு லண்டன்மீது ஏவப்பட்ட வி-1 பறக்கும் குண்டுகளுக்கும் திரும்பிவிட்டது.

புதிய ஆலை என்பதால் நிரந்தரத் தொழிலாளர்கள் என்று பெரிய படை அதற்கு இருந்ததே இல்லை. 1940 கோடையில் போலந்துப் பெண்கள் கொண்டுவரப்பட்டார்கள். அடுத்த ஆண்டு சோவியத் போர்க்கைதிகள் வந்தார்கள். அவர்களில் பலர் பட்டினியால் வேலை செய்யும் நிலையிலேயே இல்லை. பிறகு உக்ரைன், ரஷ்யா, பிரான்சு, நெதர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1943-இல் இத்தாலி அணி மாறியதும் இத்தாலியப் படைவீரர்கள் கைதிகளாக வந்தார்கள். போரின் இறுதிக்குள் ஏறத்தாழ 20,000 பேர் அங்கே கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டார்கள். அவர்களில் சுமார் 5,000 பேர் வதைமுகாம் கைதிகள். 1944-இல் ஆலையில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தம் விருப்பத்தால் அங்கு வராதவர்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இவர்கள் எல்லோரையும் அரசாங்கம் ஆலையின் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டதா, அல்லது ஆலை கேட்டு வாங்கியதா? மொம்சனும் அவருடன் சேர்ந்து எழுதிய மன்ஃபிரெட் கிரீகரும் ஆவணங்களிலிருந்து காட்டியது இரண்டாவதைத்தான். ஃபெர்டினாண்ட் போர்ஷே காரை வடிவமைத்தவர் மட்டும் அல்லர், ஆலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், வதைமுகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். அமைப்பின் உறுப்பினர். ஹிட்லரையும் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரையும் நேரடியாக அணுகக்கூடிய தம் செல்வாக்கை ஆலைக்கு ஆள் சேர்ப்பதற்கு அவர் பயன்படுத்தினார். 1942 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஆலை வளாகத்திலேயே ஒரு வதைமுகாம் இயங்கியது. உலோக வார்ப்படச் சாலையைக் கட்டி முடிக்கக் கைதிகளின் உழைப்பு வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1944-இல் வி-1 குண்டு உற்பத்திக்காக ஆலையின் பொறியாளர் ஒருவர் போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கே சென்று, அங்கே கொண்டுவரப்பட்டிருந்த ஹங்கேரிய யூதர்களில் உலோக வேலை தெரிந்தவர்களைச் சோதித்து, முந்நூறு பேரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பொறியாளர் துப்பாக்கி முனையில் அனுப்பப்பட்டவர் அல்லர். உற்பத்தி இலக்கை எட்டவேண்டும் என்ற தொழில் அக்கறையோடு போனவர். ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பது மேற்பார்வையாளரின் அன்றாடக் கவலை என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அந்த அன்றாடக் கவலையே ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், எழுதுவதற்கே கடினமானது என்றாலும் விட்டுவிட முடியாது. போலந்து, சோவியத் நாட்டுப் பெண் தொழிலாளர்களுக்குப் பிறந்த குழந்தைகள், தாய்மார் சீக்கிரம் வேலைக்குத் திரும்பவேண்டும் என்பதற்காக, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு ஆலையின் குழந்தைகள் விடுதியில் விடப்பட்டார்கள். 1944-இல் அந்த விடுதி அருகிலுள்ள ரூயன் என்ற ஊருக்கு மாற்றப்பட்டது. தாய்மார் தினமும் போய்ப் பார்க்க முடியாத தொலைவு. பூச்சிகள் நிறைந்த இடம். போதிய பாலும் பராமரிப்பும் இல்லை. தொற்று நோய்கள் வேறு. குறைந்தது 365 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பொறுப்பான ஆலை மருத்துவர் ஹான்ஸ் கோர்பெலை 1946-இல் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் விசாரித்து மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு அது நிறைவேற்றப்பட்டது. அந்தக் குழந்தைகளைக் கொல்லச் சொல்லி பெர்லினிலிருந்து வந்த ஆணை எதையும் தேடவேண்டியதில்லை. ஒரு நிர்வாகம் அவர்களைச் செலவாக மட்டுமே பார்த்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அதிகாரிகள் எல்லோரும் ஒரே அளவு குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை, மொம்சனும் சொல்லவில்லை. ஆனால் ‘எங்களுக்கு வேறு வழி இல்லை’ என்று பல நிறுவனங்கள் பல்லாண்டுகள் சொல்லிவந்த பதிலை, விண்ணப்பக் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் முன்வைத்து, இனி அப்படியே சொல்ல முடியாதபடி அவர் செய்தார். அவருக்கு நான் செலுத்தும் மரியாதைக்கு முதன்மையான காரணம் அதுதான்.

கேள்வி (மதுரை வாசகி): நிறுவனமே பணம் கொடுத்து எழுதவைத்த வரலாறு எப்படி நம்பத்தக்கதாகும்? விளம்பரத்தின் இன்னொரு வடிவம்தானே?

பதில்: இந்தச் சந்தேகம் 1996-இல் அந்த நூல் வெளிவந்தபோதே ஜெர்மனியில் எழுந்தது. சந்தேகப்பட்டவர்களிடம் நியாயமும் இருந்தது. நூலைப் பணித்த நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஃபெர்டினாண்ட் பியேக். அவர் போர்ஷேயின் பேரன். அவருடைய தந்தை அன்டோன் பியேக் போர்க்காலத்தில் ஆலையின் நிர்வாகத்தை நடத்தியவர். போர்ஷேயைப் பற்றிய தீர்ப்பில் மொம்சன் மென்மையாக நடந்துகொண்டார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். தொழில்நுட்பத்தைத் தவிர வேறு எதையும் காணாமல் குற்றங்களின் நடுவே நடந்துபோன மனிதராக அவர் போர்ஷேயைச் சித்திரித்தார். கைதிகளைக் கேட்டு வாங்கிய ஒருவருக்கு இந்தச் சித்திரம் போதாது என்பதே என் கருத்தும். நூலின் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் ஆதாரங்கள் அந்தச் சித்திரத்தைவிடக் கடுமையானவை.

ஆனால் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாததற்கும் காரணங்கள் உண்டு. ஆய்வு தொடங்கியது நிர்வாகத்தின் தன்னெழுச்சியால் அல்ல. 1986-இல் தொழிலாளர்களின் பிரதிநிதிகளான ஆலைக் குழு வற்புறுத்தியதால். அதற்கும் முன்பே, ஆலையைச் சுற்றி எழுந்த நகரமான வொல்ஃப்ஸ்பர்க்கின் நகராட்சிக் காப்பகத்தின் பொறுப்பாளர் கிளவுஸ் யோர்க் சீக்ஃபிரீட், ஆலையின் கட்டாய உழைப்பு பற்றிய ஆவணங்களைத் திரட்டி வெளியிடத் தொடங்கியிருந்தார். நகரத்தின் பெருமையே அந்த ஆலைதான் என்றிருந்த ஊரில் ஒரு நகராட்சி ஊழியர் இப்படிச் செய்தது எளிய காரியம் அல்ல. பெரிய பேராசிரியரின் பெயர் நிலைத்துவிட்ட இடத்தில் அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.

பத்து ஆண்டு உழைப்புக்குப் பிறகு ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூல் வந்தது. அதில் எஸ்.எஸ். தொடர்புகள் இருக்கின்றன, முகாம்கள் இருக்கின்றன, ரூயன் குழந்தைகள் இருக்கிறார்கள். பெயர்களும் தேதிகளும் ஆவணச் சான்றுகளும் அச்சில் வந்துவிட்டதால், ஆசிரியரின் முடிவுகளோடு மாறுபடுகிறவர் அவருடைய சான்றுகளைக் கொண்டே அவரை மறுக்கலாம். போர்ஷே பற்றி நான் மேலே சொன்ன கருத்துகூட அப்படி உருவானதுதான். நிறுவனம் பணித்த வரலாற்றை எடைபோட நான் கேட்பவை இவை: ஆவணக் காப்பகம் முழுவதும் ஆய்வாளருக்குத் திறந்திருந்ததா, முடிவை வெளியிடும் உரிமை அவரிடம் இருந்ததா, அவர் பார்த்த அதே தாள்களை அவருக்குப் பின் வருபவரும் பார்க்க முடியுமா. பணம் யார் கொடுத்தார் என்பது அவற்றுக்கு அடுத்த கேள்வி.

கேள்வி (சேலம் வாசகர்): மொம்சனிடம் குறையே இல்லையா? அஞ்சலிக் குறிப்புகள் ஏன் எப்போதும் புகழ்ச்சியாகவே இருக்கின்றன?

பதில்: குறை உண்டு. 1933-இல் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது தொடர்பாக ஹான்ஸ் ஷ்னைடர் என்ற ஆசிரியர் 1960-களின் தொடக்கத்தில் ஆய்வு செய்துவந்தார். அந்த ஆய்வை வெளியிடுவது அரசியல் காரணங்களால் விரும்பத்தக்கதல்ல என்று, மியூனிக் நகரின் தற்கால வரலாற்று நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய மொம்சன் ஒரு குறிப்பு எழுதிவைத்தார், ஆய்வு வெளிவரவில்லை. அந்தக் குறிப்பில் இருந்த அணுகுமுறை அறிவுத்துறைக்கு ஏற்கத்தக்கதல்ல என்று அதே நிறுவனம் 2001-இல் வெளிப்படையாக அறிவித்தது. மற்றவர்களின் ஆவணங்களைத் திறக்கச் சொன்னவர், ஒரு சக ஆய்வாளரின் எழுத்து வெளிவராமல் போவதற்குத் துணைநின்றார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இருந்தே ஆகவேண்டிய பக்கம். அவரைப் போற்றுகிறவர்கள் அதை மறைத்தால், நிறுவனங்கள் செய்த அதே காரியத்தை நாமும் செய்தவர்கள் ஆவோம்.

கேள்வி (சென்னை வாசகி): நூல் எழுதியதால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? இழப்பீடு கொடுத்தார்களா?

பதில்: மிகத் தாமதமாக, மிகக் குறைவாகக் கிடைத்தது. போருக்குப் பிந்தைய பல்லாண்டுகள், கட்டாய உழைப்பு என்பது அழிந்துபோன நாஜி அரசு செய்த காரியம், அதற்கான இழப்பீடு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்களில் தீரவேண்டிய விஷயம் என்பதே ஜெர்மன் தொழில்துறையின் பொதுவான நிலைப்பாடு. 1950-களில் ஃபோக்ஸ்வாகன் பத்து லட்சமாவது காரைத் தயாரித்துக் கொண்டாடியது. அப்போது அந்த ஆலையில் உழைத்த போலந்துப் பெண்களும் உக்ரேனியப் பெண்களும் ‘எதிரிக்கு வேலை செய்தவர்கள்’ என்று சொந்த நாட்டிலேயே சந்தேகத்தோடு பார்க்கப்பட்டு வாயடைத்து வாழ்ந்தார்கள்.

1991-இல் வொல்ஃப்ஸ்பர்கில் ஒரு நினைவுக்கல் நிறுவப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களின் நாடுகளில் நடக்கும் நலப்பணிகளுக்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. தனிமனிதர் கையில் பணம் சேரத் தொடங்கியது 1998-இல் தான். அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் குவியத் தொடங்கிய அந்த ஆண்டில், நிறுவனம் 2 கோடி மார்க் மதிப்பில் ஒரு மனிதாபிமான நிதியை ஏற்படுத்தியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதிலிருந்து உதவி பெற்றார்கள். உழைத்தவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பதை இத்துடன் வைத்துப் பாருங்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

2000-இல் ஜெர்மன் அரசும் தொழில்துறையும் சேர்ந்து 1,000 கோடி மார்க் மதிப்பில் ‘நினைவு, பொறுப்பு, எதிர்காலம்’ என்ற அறக்கட்டளையை நிறுவின. பாதி அரசின் பங்கு. பாதி, 6,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பங்கு. 2001 முதல் 2007 வரை ஏறத்தாழ 16.6 லட்சம் பேருக்கு 440 கோடி யூரோ வழங்கப்பட்டது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு மூவாயிரம் யூரோவைக்கூடத் தொடாத தொகை. அதற்கு ஈடாக, இனி அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குத் தொல்லை இருக்காது என்ற பாதுகாப்பை நிறுவனங்கள் எதிர்பார்த்தன. பேச்சுவார்த்தையின் கரு அதுவாகவே இருந்தது.

இதில் வரலாற்றாசிரியரின் பங்கு மறைமுகமானது, ஆனால் சிறியதல்ல. பிழைத்தவர் எண்பது வயதில், தாம் இன்ன ஆலையில் இன்ன ஆண்டில் உழைத்தோம் என்று நிறுவவேண்டியிருந்தது. கையில் தாள் இல்லாதவர் பலர். முகாம் இருந்ததா இல்லையா என்பதையே சண்டையிட்டு நிறுவும் நிலை ஃபோக்ஸ்வாகனில் உழைத்தவர்களுக்கு ஏற்படவில்லை; அது ஏற்கனவே ஆயிரம் பக்கங்களில் எழுதப்பட்டிருந்தது.

கேள்வி (புதுக்கோட்டை வாசகர்): தாத்தா செய்த குற்றத்துக்கு இன்றைய ஊழியர் ஏன் தலைகுனியவேண்டும்?

பதில்: தலைகுனியவேண்டியதில்லை. ஒரு மனிதர் இறந்தால் அவருடைய குற்றம் அவரோடு போகிறது. நிறுவனமோ தன் பெயரையும், ஆலையையும், காப்புரிமைகளையும், வணிக நற்பெயரையும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சொத்தை ஏற்பவர் அதன் மேலுள்ள கடனையும் ஏற்கவேண்டும் என்பது நம் ஊர்ப் பாகப்பிரிவினையிலும் எல்லோரும் ஒப்புக்கொள்வதுதான்.

கேள்வி (ஈரோடு வாசகர்): மற்ற ஜெர்மன் நிறுவனங்கள் என்ன செய்தன? இதே வழியில் பணியாற்றிய, மறைந்த வேறு வரலாற்றாசிரியர்கள் உண்டா?

பதில்: 2007-இல் மறைந்த ஜெரால்ட் ஃபெல்ட்மனை அவசியம் குறிப்பிடவேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், அலையன்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் நாஜி காலத்து வரலாற்றை எழுதினார். நூல் 2001-இல் வெளிவந்தது. அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த குர்ட் ஷ்மிட் 1933-இல் ஹிட்லரின் பொருளாதார அமைச்சரானார். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டு இடங்களும் நொறுக்கப்பட்டபின், காப்பீட்டுத் தொகையை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. அப்போது காப்பீட்டுத்துறையின் சார்பில், ஹிட்லருக்கு நெருக்கமான அமைச்சர் கோரிங்கின் முன் அமர்ந்து பேசியவர் அலையன்ஸின் எட்வர்ட் ஹில்கார்ட். கடைகளை இழந்த யூதர்களின் உரிமைத்தொகையை அரசே எடுத்துக்கொண்டது. வதைமுகாம்களில் இருந்த எஸ்.எஸ். பட்டறைகளுக்கும் அந்த நிறுவனம் காப்பீடு செய்திருந்தது. துப்பாக்கி ஏந்தாதவரின் கை, பத்திரத்திலும் கையொப்பத்திலும் எப்படிக் கறைபட்டது என்பதை ஃபெல்ட்மன் பொறுமையாகக் காட்டினார். கணக்குப் புத்தகங்களை வாசிக்கத் தெரிந்த வரலாற்றாசிரியர்கள் அதிகம் இல்லை. அவர் அவர்களில் ஒருவர்.

பெர்ட்டல்ஸ்மன் பதிப்பகத்தின் கதை வேறு வகை. நாஜிகளை எதிர்த்ததால் எங்கள் பதிப்பகம் மூடப்பட்டது என்று அது நெடுங்காலம் சொல்லிவந்தது. சால் ஃபிரீட்லாண்டர் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு, அந்தப் பதிப்பகம் ஜெர்மன் இராணுவத்துக்குக் கோடிக்கணக்கில் புத்தகம் அச்சிட்டுப் பெரும் லாபம் அடைந்ததை 2002-இல் வெளிப்படுத்தியது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் பெரும்பங்குதாரர்களான குவாண்ட் குடும்பமோ, 2007-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வெளிவந்து கண்டனம் எழுந்த பிறகே ஆய்வுக்கு ஒப்புக்கொண்டது. முடிவுகள் 2011-இல் வந்தன. அந்த நிறுவனத்தின் கார்கள் சென்னையை அடுத்த செங்கல்பட்டுப் பகுதியிலும் தயாராகின்றன என்பதால், நம் இளைஞர்கள் பலர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் வரலாறு இது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): மொம்சனுக்குப் பிறகு ஃபோக்ஸ்வாகன் அந்த வழியிலேயே தொடர்கிறதா?

பதில்: தொடர்ந்தது, இடறியது, ஓரளவு மீண்டும் தொடர்ந்தது என்று சொல்லலாம். மொம்சனுடன் நூலை எழுதிய கிரீகர், பிறகு நிறுவனத்துக்குள்ளேயே வரலாற்றுப் பிரிவின் பொறுப்பாளரானார். ஆவணக் காப்பகம் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பிழைத்தவர்களின் சாட்சியங்கள் சிறு நூல்களாக வெளியிடப்பட்டன. இதே குழுமத்தைச் சேர்ந்த ஆவுடி நிறுவனத்தின் முன்னோடியான ஆட்டோ யூனியன் பற்றிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. லைட்மெரிட்ஸ் வதைமுகாமில் நிகழ்ந்த ஆயிரக்கணக்கான மரணங்களில் நிறுவனத்துக்கு இருந்த பொறுப்பை அந்த ஆய்வு சொன்னது. ஆனால் அதன் முறையிலும் தீர்ப்பிலும் குறைகள் இருப்பதாகக் கிரீகர் ஒரு திறனாய்வில் எழுதினார். அதன் பிறகு, 2016 இலையுதிர்காலத்தில், அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். இரு தரப்பும் இசைந்தே பிரிந்ததாக நிறுவனம் கூறியது. எழுபதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையொப்பமிட்ட பகிரங்கக் கடிதம் அதை ஏற்கவில்லை. விமர்சனம் எழுதியதற்காக அவர் தண்டிக்கப்பட்டதாகவே அவர்கள் கருதினார்கள். நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்துகொண்டு நிறுவனத்தின் கடந்த காலத்தை எழுதுபவரின் நிலை எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதை அந்த நிகழ்ச்சி எல்லோருக்கும் காட்டியது. மொம்சன் பல்கலைக்கழகப் பதவியில் இருந்துகொண்டு வெளியிலிருந்து வந்து எழுதியவர். கிரீகருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிரேசில் பற்றிய ஆய்வும் இங்கே சொல்லத்தக்கது. 1964 முதல் 1985 வரை அந்நாட்டில் இராணுவ ஆட்சி நடந்தது. அக்காலத்தில் ஃபோக்ஸ்வாகனின் பிரேசில் ஆலையின் பாதுகாப்புப் பிரிவு அரசியல் காவல்துறையோடு ஒத்துழைத்து, எதிர்ப்பாளர்களான தொழிலாளர்களைக் காட்டிக்கொடுத்தது என்பதை, பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் கொப்பர் 2017-இல் எழுதிய ஆய்வு உறுதிசெய்தது. 1972-இல் லூசியோ பெலன்டானி என்ற தொழிலாளர் ஆலைக்குள்ளேயே கைது செய்யப்பட்டு அங்கேயே அடிக்கப்பட்டார். 2020-இல் நிறுவனம் 3.6 கோடி பிரேசில் ரியால் வழங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. இதே நிறுவனம் அமேசான் காட்டுப் பகுதியில் நடத்திய மாட்டுப் பண்ணையில் தொழிலாளர்கள் அடிமைகளைப் போல் நடத்தப்பட்டதற்காக, 16.5 கோடி ரியால் செலுத்தவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் பிரேசில் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது. வொல்ஃப்ஸ்பர்கில் கற்ற பாடம் கடல் கடந்து போவதற்கு நேரம் எடுக்கிறது. மொம்சனின் நூல் வெளிவருவதற்குப் பத்தாண்டுகள் முன்புவரை அந்தப் பண்ணை நடந்துகொண்டிருந்தது என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

கேள்வி (திருநெல்வேலி வாசகர், மகன் ஜெர்மனியில் பொறியாளராகப் பணியாற்றுகிறார்): அங்கே செல்லும்போது பார்க்கக்கூடிய நினைவிடம் ஏதேனும் இருக்கிறதா? இளைய ஊழியர்களுக்கு இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்களா?

பதில்: இரண்டுக்கும் ஆம். கட்டாயத் தொழிலாளர்களின் நினைவிடம் 1999 டிசம்பரில் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையிலேயே, போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கக் கட்டப்பட்ட நிலவறை ஒன்றில் திறக்கப்பட்டது. ஆவணங்களும் புகைப்படங்களும் பிழைத்தவர்களின் சொற்களும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. இயங்கும் ஆலையின் வளாகத்துக்குள் இருப்பதால், உங்கள் மகனை முன்கூட்டியே பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். நகரத்திலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ரூயன் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வர நேரம் ஒதுக்குவது நல்லது. அந்தக் குழந்தைகளுக்கான நினைவிடம் அங்கே இருக்கிறது.

இளைய ஊழியர்களைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் தொழிற்பயிற்சி மாணவர்கள் 1980-களின் இறுதியிலிருந்து, சர்வதேச ஆஷ்விட்ஸ் குழுவின் ஏற்பாட்டில், போலந்து நாட்டு மாணவர்களோடு சேர்ந்து ஆஷ்விட்ஸ் நினைவிடத்துக்குச் செல்கிறார்கள். அங்கே சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வேலிகளையும் எஞ்சியிருக்கும் பொருள்களையும் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் பணியைத் தங்கள் கைகளாலேயே செய்கிறார்கள். பிழைத்தவர்கள் உயிரோடு இருந்தவரை அவர்களையும் நேரில் சந்தித்தார்கள். உலோக வேலை கற்கும் இளைஞர்கள் அவர்கள். 1944-இல் அதே ஆலையின் பொறியாளர் உலோக வேலை தெரிந்த கைதிகளைத் தேடிப் போனதும் அதே இடத்துக்குத்தான் என்பதை, புறப்படுவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.